மேலே உருளை, கீழே மக்காச்சோளம்: சின்செரோ என்ற ஆண்டிஸ் ஊரைப் புரிந்துகொள்ள

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை என்றதும் பெரும்பாலோருக்கு ஞாபகம் வருவது மச்சு பிச்சு. மேகத்துக்கு மேலே, ஆள் அண்ட முடியாத உச்சியில், ஸ்பானியர் வருவதற்கு முன் அங்கே ஆண்ட இன்காக்கள் கட்டிய ரகசிய நகரம் என்று யூடியூபில் யாராவது உருகி உருகிச் சொல்லிக்கொண்டிருப்பார். சரி, அந்த உச்சி எவ்வளவு உயரம்? சுமார் 2,430 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஊட்டிக்குச் சுற்றுலா போய், தொட்டபெட்டாவில் குல்லாய் மாட்டிக்கொண்டு போட்டோ எடுத்த எல்லோரும் மச்சு பிச்சுவைவிட உயரத்தில் நின்றவர்கள்தான்.

ஆண்டிஸின் உண்மையான வாழ்க்கை அந்தப் போஸ்டர் படத்துக்கு இன்னும் மேலே நடக்கிறது. இன்காக்களின் தலைநகரான குஸ்கோ 3,400 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து வடமேற்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் போனால் சின்செரோ. பெரு நாட்டின் உருபம்பா மாகாணத்தைச் சேர்ந்த விவசாய ஊர். உயரம் சுமார் 3,760 மீட்டர், அதாவது தொட்டபெட்டாவின் தலைமேல் இன்னொரு 1,100 மீட்டர் மலையைத் தூக்கி வைத்த மாதிரி. அந்த உயரத்தில் ஒரு கோயில், ஒரு சந்தை, சுற்றிலும் உருளைக்கிழங்கு வயல்.

இவ்வளவு உயரத்தில் ஏன் ஊர், எப்படி விவசாயம் என்று கேட்டால் இரண்டு பதில்கள் கிடைக்கும். பாவம், வேறு வழியில்லாமல் ஒதுங்கி வாழ்கிறார்கள் என்பது ஒன்று. இன்காக்களிடம் ஏதோ மர்ம ஞானம் இருந்தது என்பது மற்றது. இரண்டுமே தப்பு. வெயில், பனி, சரிவு ஆகிய மூன்றும் அங்கே எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்தால் அந்த ஊரின் பயிர், சந்தை, வரலாறு எல்லாம் தானாகவே விளங்கும்.

சென்னையின் மறுபக்கம்

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரியில் சென்னை. தெற்கே ஏறக்குறைய அதே 13 டிகிரியில் சின்செரோ. நடுவெயில் தலைக்கு நேராக இறங்கும் வெப்பமண்டல ஊர்கள் இரண்டும். ஆனால் ஒன்றில் வியர்க்கிறது, இன்னொன்றில் ஜூன் மாத இரவில் வாளித் தண்ணீர் உறைகிறது.

உயரம் போகப்போக ஏன் குளிர்கிறது? மேலே போனால் சூரியனுக்குக் கிட்டத்தில்தானே போகிறோம் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் வரும் சந்தேகம். சைக்கிள் டியூபின் வால்வை அழுத்திக் காற்றை விட்டுப் பாருங்கள். வெளியே வரும் காற்று விரலுக்குச் சில்லென்று இருக்கும். நெருக்கி அடைத்த காற்று திடீரென்று விரியும்போது அதன் சூடு குறைகிறது. மலையிலும் இதுதான் நடக்கிறது. காற்றை முக்கியமாகச் சூடாக்குவது சூரியக் கதிர் சுட்ட தரை. தரையில் சூடான காற்று மேலே ஏறும், மேலே அழுத்தம் குறைவு, அதனால் விரியும், விரிந்தால் ஆறும். கணக்குப்படி ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் 6 முதல் 6.5 டிகிரி குறையும்.

அழுத்தம் குறைவு என்பதற்கு அன்றாட அர்த்தமும் உண்டு. சின்செரோவில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட முழுதாக இல்லை. புதிதாகப் போகிறவருக்கு நான்கு படி ஏறினாலே மூச்சு வாங்கும். தண்ணீர் 100 டிகிரிவரை காத்திருக்காமல் 87, 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று பருப்பைப் போட்டால் லேசில் வேகாது. குக்கர் இல்லாத காலத்தில் அந்த ஊர்ச் சமையலறை எவ்வளவு பொறுமையாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படியானால் இந்த உயரத்தில் விவசாயம் எப்படி? இங்கேதான் அந்த 13 டிகிரி கைகொடுக்கிறது. சுவிட்சர்லாந்தில் ஆல்ப்ஸ் மலையில் யுங்ஃப்ராவ்யோக் என்று ஒரு ரயில் நிலையம், 3,454 மீட்டர் உயரத்தில். சுற்றிலும் ஆண்டு முழுக்கப் பனிப்பாறை. சின்செரோ அதைவிட 300 மீட்டர் உயரம். ஆனால் அங்கே உருளைக்கிழங்கு பூக்கிறது. ஆல்ப்ஸ் பூமத்திய ரேகையிலிருந்து மிகத் தள்ளி இருக்கிறது, சின்செரோ பக்கத்தில் இருக்கிறது. இங்கே நிரந்தரப் பனி தொடங்குவது ஏறக்குறைய 5,000 மீட்டருக்கு மேல். ஊரிலிருந்து பார்த்தால் தெரியும் சல்கந்தாய் சிகரம் 6,271 மீட்டர். அந்த வெள்ளையெல்லாம் எட்டத்தில்தான்.

தினமும் ஒரு குளிர்காலம்

வெப்பமண்டல உயர்மலையைப் பற்றிப் பலரும் தவறவிடும் விஷயம் இது. ஐரோப்பாவில் சில மாதம் கோடை, சில மாதம் குளிர். சின்செரோவில் பகல் கோடை, இரவு குளிர்காலம். ஜனவரிக்கும் ஜூலைக்கும் இருக்கும் சராசரி வெப்ப வித்தியாசத்தைவிட, மத்தியானம் இரண்டு மணிக்கும் விடிகாலை ஐந்து மணிக்கும் இருக்கும் வித்தியாசம் பெரிது.

காரணம் மறுபடியும் அந்த மெல்லிய காற்றுதான். காற்றும் அதிலுள்ள ஈரமும் நிலத்துக்குப் போர்வை மாதிரி. சென்னையில் போர்வை கனம். ராத்திரியிலும் புழுக்கம் போகாது. சின்செரோவில் போர்வை மெல்லிசு. பகலில் வெயில் நேராக இறங்கித் தோலைச் சுடும். அதே நேரம் நிழலில் ஒதுங்கினால் ஸ்வெட்டர் தேடுவீர்கள். சூரியன் போனதும் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும்.

ஆண்டைப் பிரிப்பது மழைதான். நவம்பர் முதல் மார்ச், ஏப்ரல்வரை மழைக்காலம். மே முதல் செப்டம்பர்வரை வறண்ட காலம். மழைக்காலத்தில் மேகம் போர்வையாக இருப்பதால் இரவுகள் அவ்வளவு கொடுமையில்லை. ஜூன், ஜூலையில் மேகமில்லாத வானம்; அப்போதுதான் உறைபனி. உறைபனி என்பது மேலேயிருந்து கொட்டும் வெண்பனியல்ல. நிலத்தை ஒட்டிய காற்று பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போய், இலைமேல் ஈரம் உறைந்து, செடியின் திசுவையே கிழித்துவிடுவது. ஒரே இரவில் ஒரு வயல் கறுத்துப் போகும்.

இதில் ஒரு நுட்பம். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி பள்ளத்தை நோக்கி ஓடும். சரிவிலிருந்து வழிந்து, கீழே சமதளத்தில் குளமாய்த் தேங்கும். அதனால் பார்க்க அழகாக, சமமாக இருக்கும் வெளிதான் பனிக்கு முதல் பலி. சரிவில் இருக்கும் வயல் தப்பித்துவிடும். சமதளம் நல்ல நிலம், சரிவு மோசமான நிலம் என்ற நம் சமவெளிப் புத்தி இங்கே செல்லாது.

படிக்கட்டு வயல்களின் ரகசியம் பாதி இதுதான். சின்செரோவில் ஊரை ஒட்டியே இன்கா காலத்துப் படிக்கட்டு வயல்கள் இருக்கின்றன. ஸ்பானிஷ் மொழியில் அந்தேனெஸ் என்பார்கள். மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் தடுக்கின்றன, அது எல்லோருக்கும் தெரியும். கூடவே கல்சுவர் பகலில் வெயிலை வாங்கி வைத்து இரவில் மெதுவாக விடுகிறது. நன்றாகக் கட்டிய படியில் அடியில் கல்லும் சரளையும், மேலே மண்ணும் இருக்கும். மழைநீர் தேங்காமல் இறங்கிப் போகும். குளிர்ந்த காற்றும் படிப்படியாக வழிந்து ஓடிவிடும். மர்மம் எதுவுமில்லை. நம் ஊர்க் கொத்தனாருக்கு ஒரு நாள் காட்டினால் புரிந்துகொள்வார்.

இதுவரை பார்த்தது: உயரம் குளிரைத் தருகிறது, பூமத்திய ரேகையின் அண்மை அந்தக் குளிரைப் பனிப்பாறையாக விடாமல் காக்கிறது, ஆபத்து பகலில் இல்லை, மேகமில்லாத இரவில் இருக்கிறது, சரிவு அந்த ஆபத்தைக் குறைக்கிறது.

ஒன்றன்மேல் ஒன்றாகத் திணைகள்

குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று நிலத்தைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பயிர், தொழில், தெய்வம் சொன்ன மொழி நம்முடையது. ஆண்டிஸ் மக்களும் அப்படித்தான் பிரித்தார்கள், உயரத்தை அளவுகோலாக வைத்து. ஹவியேர் புல்கார் விதால் என்ற பெரு நாட்டுப் புவியியலாளர் 1940களில் அந்த நாட்டுப்புறப் பெயர்களையே எடுத்து நாட்டை எட்டு இயற்கைப் பகுதிகளாக வகுத்தார். நமக்கு அதில் மூன்று போதும்.

சுமார் 2,300 முதல் 3,500 மீட்டர்வரை கெச்சுவா பகுதி. மக்காச்சோளத்தின் நாடு. (கெச்சுவா என்பது அம்மக்களின் மொழியின் பெயரும்கூட.) அதற்கு மேல் 4,000 மீட்டர்வரை சுனி. கிழங்குகளின் நாடு. அதற்கும் மேல் 4,800 வரை பூனா. புல்வெளி, லாமா, அல்பாக்கா என்ற ஒட்டக இனத்து விலங்குகளின் மேய்ச்சல். சின்செரோ இருப்பது சுனியில்.

இப்போது ஊரின் இருப்பிடத்தைப் பாருங்கள். சின்செரோ ஒரு மேட்டுச் சமவெளியின் விளிம்பில் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே இறங்கினால் உருபம்பா ஆற்றுப் பள்ளத்தாக்கு. உருபம்பா ஊர் 2,870 மீட்டர். அதாவது கிட்டத்தட்ட 900 மீட்டர் இறக்கம், காலையில் கிளம்பினால் நடந்தே போய்விடலாம். கீழே மக்காச்சோளம், பழங்கள். மேலே உருளை. இன்னும் மேலே அந்தாகில்யா மலைப்பக்கம் மேய்ச்சல். சமவெளிக்காரர் ஒருவர் இப்படிப் பயிர் மாறுவதைப் பார்க்க வேண்டுமென்றால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் போக வேண்டும். சின்செரோக்காரருக்கு அது ஒரு நாள் நடை.

இதற்கு மானிடவியலில் ஒரு பெயர் உண்டு: செங்குத்துத் தீவுக்கூட்டம். ஜான் முர்ரா என்ற ஆய்வாளர் 1972இல் எழுதிய கட்டுரையால் பரவிய கருத்து. 1560களில் ஸ்பானிய அதிகாரிகள் ஊர் ஊராகப் போய் எடுத்த கணக்கெடுப்புகளைப் படித்தபோது அவருக்கு ஒன்று புலப்பட்டது. ஒரு சமூகத்தின் நிலம் ஒரே இடத்தில் சேர்ந்தாற்போல் இல்லை. கொஞ்சம் மேலே, கொஞ்சம் நடுவில், கொஞ்சம் வெகுதூரம் கீழே என்று தீவுகளாகச் சிதறிக் கிடந்தது. ஒவ்வொரு தீவிலும் அந்தச் சமூகத்தின் ஆட்கள் சிலர். விளைந்தது எல்லோருக்கும். சந்தையில் விற்று வாங்குவதற்குப் பதிலாக, எல்லா உயரத்திலும் தனக்கென ஒரு கால் ஊன்றி நிற்பது. எல்லா ஊரும் இப்படித்தான் இருந்தது என்று இதை ஒரு சூத்திரமாக்கிவிடக் கூடாது. தீவு வைத்திருக்க முடியாத ஊர்கள் பண்டமாற்று செய்தன.

சின்செரோவின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அந்தப் பண்டமாற்று நீண்ட காலம் உயிரோடு இருந்தது. பள்ளத்தாக்குப் பெண் மக்காச்சோளம் கொண்டுவருவார். மேட்டுப் பெண் உருளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காசு எடுக்காமல், கை நிறைய அள்ளி வைத்து, 'இன்னும் கொஞ்சம் போடு' என்று பேரம். அரிசிக்கு உப்பு மாற்றிய நம் பாட்டிமாருக்கு இந்தச் சந்தை அந்நியமாக இருந்திருக்காது.

கிழங்குக்குள் ஒரு காலண்டர்

உருளைக்கிழங்கு பிறந்த இடம் ஆண்டிஸ். ஏழெட்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தெற்குப் பெரு, டிட்டிகாக்கா ஏரிப் பக்கங்களில் அதைப் பழக்கி எடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் ஆண்டிஸில் ஏறக்குறைய 4,000 நாட்டு ரகங்கள் சொல்கிறார்கள். ஊதா, கருநீலம், சிவப்பு, உள்ளே வளையம் போட்டது, அன்னாசி மாதிரி கண் கண்ணாக இருப்பது. ஒரே வயலில் பத்துப் பதினைந்து ரகம் கலந்து நடுவார்கள். ரசனை ஒரு பக்கம். இன்சூரன்ஸ் இன்னொரு பக்கம். ஒன்று பனிக்குத் தாங்கும், ஒன்று பூச்சிக்குத் தாங்கும், ஒன்று வறட்சிக்குத் தாங்கும். எந்த ஆண்டு எது வரும் என்று யாருக்குத் தெரியும்?

சின்செரோவில் நிலத்தைக் கையாளும் முறைக்கு முயுய் என்று பெயர். கெச்சுவாவில் சுற்றுவது, திரும்புவது என்று பொருள். சமூகத்தின் நிலம் பல துண்டுகளாகப் பிரிந்திருக்கும். இந்த ஆண்டு இந்தத் துண்டில் உருளை என்று எல்லோரும் கூடி முடிவு செய்வார்கள். அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பங்கு. அடுத்த ஆண்டு அதே துண்டில் ஓக்கா, உல்யுக்கு போன்ற வேறு கிழங்குகளோ மொச்சை போன்ற பயறோ, அதற்கடுத்து பார்லி. அப்புறம் பல ஆண்டுகள் தரிசு. ஆடு மாடு மேயும், சாணி விழும். ஒருவர் மட்டும் நினைத்த நேரத்தில் நினைத்ததை விதைக்க முடியாது. கேட்கக் கெடுபிடியாக இருக்கும், ஆனால் காரணம் இருக்கிறது.

அந்தக் காரணத்தைப் புரிந்துகொள்ள நீலகிரிக்கு வர வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் நீலகிரியில் உருளை பயிரிட வைத்தார்கள். 1961இல் அங்கே வேரில் ஒட்டி வாழும் நுண்ணிய புழு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது: உருளைக்கிழங்கு முட்டைக்கூடு நூற்புழு. அதன் சொந்த ஊரும் ஆண்டிஸ்தான். உருளைச் செடி இல்லாவிட்டால் அது பெருக முடியாது. ஆனால் அதன் முட்டைகள் கூட்டுக்குள் பல ஆண்டுகள் மண்ணில் காத்திருக்கும். வருஷா வருஷம் உருளையே போட்டால் அதற்கு விருந்து. ஐந்தாறு வருஷம் பட்டினி போட்டால் எண்ணிக்கை சரியும். முயுய் செய்வது அந்தப் பட்டினியைத்தான். கிழங்கு மட்டும் கடல் தாண்டி வந்தது, அதனோடு இருந்த வழக்கம் வரவில்லை.

வேலை நடப்பது அய்னி முறையில். இன்று நீ என் வயலுக்கு வா, நாளை நான் உன் வயலுக்கு வருகிறேன் என்ற கைமாற்று உழைப்பு. நம் மொய் நோட்டு மாதிரியே, யார் எத்தனை நாள் கொடுத்தார்கள் என்று மறக்கவே மாட்டார்கள். எழுதி வைப்பதில்லை, அவ்வளவுதான். சரிவான வயலில் மாடு ஏறாத இடத்தில் சாக்கிதக்ல்யா என்ற கால் ஏர் இறங்கும். நீளமான கம்பு, நுனியில் இரும்பு, மிதிக்க ஒரு குறுக்குக் கட்டை. இரண்டு ஆண்கள் பக்கத்துப் பக்கத்தில் ஒரே நேரத்தில் மிதித்து மண்ணை நெம்ப, எதிரே குனிந்திருப்பவர் அந்தக் கட்டியைக் கையால் புரட்டிப் போடுவார்.

அறுவடை நாளில் வயலிலேயே சமையல். காய்ந்த மண்கட்டிகளை எடுத்து, சின்னதாக ஒரு குடிசை மாதிரி அடுக்கி, உள்ளே தீ மூட்டுவார்கள். கட்டிகள் நன்றாகச் சூடேறியதும் தீயை விலக்கி உருளையை உள்ளே தள்ளி, மண்குடிசையை அப்படியே மேலே உடைத்து மூடிவிடுவார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் தோண்டினால் தோல் சுருங்கி, புகையும் மண்ணும் மணக்கும் கிழங்கு. இதற்குப் பெயர் வாட்யா. 'வாட்டு' என்பது ஞாபகம் வருகிறதா? தற்செயல்தான். தயவுசெய்து யாரும் இதை வைத்துக் குமரிக்கண்டத்துக்குக் கிளம்பிவிட வேண்டாம்.

இனி அந்தக் கொடுமையான ஜூன் இரவுக்கு வருவோம். செடியைக் கொல்லும் அதே பனியை இவர்கள் கிழங்குமேல் வேலை வாங்குகிறார்கள். அறுவடையான சிறு கிழங்குகளைச் சமதளத்தில் பரப்பி வைப்பார்கள். (பனி தேங்கும் அந்தப் பள்ளம் இப்போது பயன்படுகிறது பாருங்கள்.) இரவில் கல்லாய் உறையும். காலை வெயிலில் இளகும். இளகியதை வெறுங்காலால் மிதித்தால் தண்ணீர் பிதுங்கி ஓடும், தோல் கழன்று வரும். சில நாள் இதையே திரும்பத் திரும்பச் செய்து வெயிலில் காயவைத்தால் கறுத்த, கூழாங்கல் மாதிரி எடையில்லாத ஒன்று கிடைக்கும்: சுன்யோ. வெயில் படாமல் மூடி, ஓடும் தண்ணீரில் சில வாரம் ஊறவைத்துக் காயவைத்தால் வெள்ளை வெளேரென்று மொராயா. சின்செரோவில் மொராயாவுக்குத்தான் மதிப்பு அதிகம்.

ஐந்து கிலோ கிழங்கு ஏறக்குறைய ஒரு கிலோவாகச் சுருங்கும். ஆண்டுக்கணக்கில் கெடாது. மலை ரகங்கள் சிலவற்றில் இருக்கும் கசப்பு நச்சும் இந்த வழியில் பெருமளவு போய்விடும். உணவுத் தொழிற்சாலைகளில் இயந்திரம் செய்யும் உறையவைத்து உலர்த்தும் வேலையை இங்கே ஒரு இரவும் ஒரு பகலும் சேர்ந்து செய்கின்றன. இன்கா அரசின் கிடங்குகளும் படைகளும் இந்தக் காய்ந்த கிழங்கை நம்பியே ஓடின.

சுருக்கமாக: அடுக்கடுக்கான நிலம், முறை வைத்துச் சுழலும் வயல், ஆள் கைமாற்று, பனியில் காய்ந்த சேமிப்பு. இந்த நான்கையும் மனதில் வைத்துக்கொண்டு வரலாற்றுக்குள் போகலாம்.

அரண்மனை, கோயில், பூமா

முதலில் ஒரு காலக் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். இன்கா என்றால் ஐந்தாயிரம் வருஷம் பழசு என்று நினைப்பவர்கள் ஏராளம். தஞ்சைப் பெரிய கோயில் முடிந்தது 1010. மச்சு பிச்சு கட்டப்பட்டது 1450ஐ ஒட்டி. இன்காப் பேரரசு பரந்து விரிந்து நின்றது மொத்தமே நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு அல்லது கூடுதல். அதற்கு முன் சின்செரோ பகுதியில் அயர்மக்கா என்ற மக்கள் இருந்தார்கள். கிழங்கும் மக்காச்சோளமும் அவர்களுக்கும் தெரியும்.

சின்செரோவைப் பெரிதாகக் கட்டியவர் டூப்பாக் இன்கா யுப்பாங்கி. வழக்கமாகச் சொல்லும் கணக்கில் 1471 முதல் 1493 வரை ஆண்டவர். இது அவருடைய சொந்தப் பண்ணை. இன்கா அரசர்கள் ஒவ்வொருவரும் இப்படித் தனிச் சொத்தாக ஊர்களைக் கட்டினார்கள். அரசர் இறந்த பின்னும் அது அவர் குடும்பத்துக்கே. அவர் இறந்ததும் சின்செரோவில்தான் என்று ஸ்பானிய வரலாற்றுக் குறிப்புகள் சொல்கின்றன. சதுக்கத்தின் ஓரத்தில் இன்றும் நிற்கும் நீண்ட கல்சுவரில், கீழே அகன்று மேலே குறுகிய மாடங்கள் வரிசையாக இருக்கின்றன. ஊருக்கு வெளியே இயற்கையான சுண்ணாம்புப் பாறைகளிலேயே படிகளும் இருக்கைகளும் செதுக்கியிருக்கிறார்கள். அவற்றில் ஒன்றின் பெயர் பூமக்காக்கா, பூமாப் பாறை. (பூமா என்பது அமெரிக்கக் கண்டத்து மலைச்சிங்கம்.)

ஸ்பானியர்கள் வந்த பிறகு நடந்த பெரிய மாற்றம் போரைவிட ஒரு நிர்வாக உத்தரவு என்று எனக்குத் தோன்றும். 1569 முதல் 1581 வரை வைஸ்ராயாக இருந்த பிரான்சிஸ்கோ தெ தொலேதோ, மலை முழுக்கச் சிதறி வாழ்ந்த மக்களைச் சதுரச் சதுரமான தெருக்கள் கொண்ட ஊர்களில் கொண்டுவந்து அடைத்தார். இப்படி அமைத்த ஊருக்கு ரெடுக்சியோன் என்று பெயர். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம் பெயர்ந்தார்கள். வரி வசூலிக்க, வேலைக்கு ஆள் பிடிக்க, ஞானஸ்நானம் கொடுக்க எல்லோரும் ஒரே இடத்தில் இருந்தால் சௌகரியம். ஆனால் தீவுக்கூட்டத்தை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். மேலே ஒரு வயல், கீழே ஒரு வயல் என்று வாழ்ந்தவரை ஒரே தெருவில் பூட்டினால் பாதி வயலுக்குப் போகவே முடியாது. தொலேதோவின் கண்ணுக்குச் சிதறல் ஒழுங்கின்மையாகத் தெரிந்தது. மக்களுக்கு அதுதான் ஒழுங்கு. நாளடைவில் பலர் மறுபடி வயல்பக்கமே குடியேறினார்கள்.

சின்செரோவிலும் ரெடுக்சியோன் வந்தது. இன்கா அரண்மனை மேடையின்மீதே 1600களின் தொடக்கத்தில் மொன்செராத் மாதா கோயில் எழுந்தது. கீழே இன்காக்கள் பொருத்திய கல், மேலே சுடாத மண்செங்கலும் வெள்ளையடிப்பும். ஒரே சுவரில் இரண்டு அரசுகள்.

அந்தக் கோயில் முகப்பில் இருக்கும் சுவரோவியம் எனக்கு இந்த ஊர் வரலாற்றிலேயே மிகப் பிடித்த பகுதி. மத்தேயோ புமக்கவா, 1740இல் சின்செரோவில் பிறந்தவர், பரம்பரைத் தலைவர். 1780இல் இரண்டாம் டூப்பாக் அமாரு ஸ்பானிய ஆட்சிக்கு எதிராகப் பெருங்கலகம் தொடங்கியபோது, புமக்கவா ஸ்பானியர் பக்கம் நின்று போரிட்டார். அமாரு என்றால் கெச்சுவாவில் பாம்பு. புமக்கவா பெயரில் பூமா இருக்கிறது. சுவரோவியத்தில் மாதாவின் கண்முன்னே ஒரு பூமா பாம்பை வெல்கிறது. பெயரை வைத்தே போர்ச் செய்தி எழுதிவிட்டார்கள்.

கதை அங்கே முடியவில்லை. முப்பது வருஷம் கழித்து, எழுபதைத் தாண்டிய வயதில், அதே புமக்கவா 1814இல் குஸ்கோவில் வெடித்த கிளர்ச்சியில் சேர்ந்து ஸ்பானியருக்கு எதிராகப் படை நடத்தினார். 1815 மார்ச் 11 அன்று உமச்சிரிப் போரில் தோற்றார். ஒரே வாரத்தில் சிக்குவானியில் மரண தண்டனை. துரோகியா தியாகியா என்று இன்றும் பெரு நாட்டில் வாதம் உண்டு. பாம்பை வென்ற பூமா மட்டும் சுவரில் அப்படியே இருக்கிறது.

1821இல் பெரு சுதந்திரம் அறிவித்தது. மலை விவசாயிக்கு அதனால் உடனடியாகப் பெரிதாக எதுவும் மாறவில்லை. மாறியது 1969 ஜூன் 24, அப்போது நாட்டை ஆண்ட தளபதி ஹுவான் வெலாஸ்கோ அல்வராதோவின் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தபோது. பெரும் பண்ணைகள் உடைந்தன. அய்யு என்று வழிவழியாக அழைக்கப்பட்ட, உறவும் பொது நிலமும் சேர்த்துக் கட்டிய குழுக்கள் 'உழவர் சமூகங்கள்' என்று சட்டத்தில் புதிய பெயர் பெற்றன. சின்செரோவில் கூப்பெர், அய்யுபோங்கோ, யனக்கோனா போன்றவை இப்படிப்பட்ட பழைய அய்யுக்கள். முயுய் சுற்று யாருக்கு எந்தத் துண்டு என்று தீர்மானிப்பதும் அவைதான்.

சமதளத்துக்கு வந்த விலை

இன்றைக்குச் சின்செரோ என்று செய்தியில் தேடினால் முதலில் வருவது விமான நிலையம். மச்சு பிச்சு பார்க்க வரும் கூட்டத்தைக் குஸ்கோ நகருக்கு நடுவே இருக்கும் பழைய விமான நிலையம் தாங்கவில்லை. மலை நாட்டில் விமானம் இறங்கச் சமதளம் எங்கே கிடைக்கும்? சின்செரோ மேட்டுச் சமவெளியில். யனக்கோனா, அய்யுபோங்கோ போன்ற சமூகங்களிடமிருந்து அரசு 2010களில் நிலம் வாங்கியது. கட்டுமான ஒப்பந்தம் ஒன்று பெரிய அரசியல் சர்ச்சையாகி, 2017இல் போக்குவரத்து அமைச்சர் மார்ட்டின் விஸ்கார்ரா பதவி விலகினார். அடுத்த ஆண்டே அவர் நாட்டின் அதிபரானார் என்பது தனிக்கதை. 2019இல் மண் வேலை தொடங்கியதும், இன்காத் தளங்கள் பாழாகும் என்று வரலாற்றாய்வாளர்களும் தொல்லியலாளர்களும் எதிர்ப்பு தெரிவித்து மனு கொடுத்தார்கள்.

ஊரில் எல்லோரும் எதிர்ப்பு என்று நினைத்துவிட வேண்டாம். நிலத்துக்குப் பணம் வாங்கியவர்கள் மூன்று மாடி வீடு கட்டினார்கள். வேலை வரும், ஹோட்டல் வரும் என்று காத்திருப்பவர்கள் நிறைய. தண்ணீர் பற்றிக் கவலைப்படுபவர்களும் உண்டு. ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் பியுராய் ஏரியின் நீர்தான் குழாய் வழியே போய்க் குஸ்கோ நகரத்தின் தாகத்தில் ஒரு பகுதியைத் தீர்க்கிறது. அதே ஏரியின் கரையில் விவசாயிகளின் வயல்களும் இருக்கின்றன.

அப்புறம் அந்த மெல்லிய காற்று. காற்று அடர்த்தியாக இருந்தால் இறக்கை சீக்கிரம் தூக்கும். மெல்லிசாக இருந்தால் விமானம் இன்னும் வேகமாக, இன்னும் நெடுந்தூரம் ஓட வேண்டும். அதனால் இங்கே திட்டமிட்ட ஓடுபாதை சுமார் 4 கிலோமீட்டர் நீளம். அது முழுவதும் உறைபனி தேங்கும் சமதளத்தில், ஒரு காலத்தில் முறை வைத்து உருளை போட்டு, பார்லி போட்டு, தரிசு விட்ட துண்டுகளின்மேல் போகிறது. சாலைக்கு மறுபக்கம் சரிவில் இருக்கும் வயல்களில் அக்டோபர் வந்தால் கால் ஏர் எடுத்து உருளை நடுகிறார்கள்.